நிற்கக் கூடாத வண்டி

சவ ஊர்தித் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் சிலர், டீசல் வேன் வாங்குவதா பெட்ரோல் வேன் வாங்குவதா என்று என்னிடம் கேட்கிறீர்கள். டீசல் மலிவு, இயந்திரம் நெடுநாள் உழைக்கும், பாரம் இழுக்கும் என்று விற்பவர் சொல்வதெல்லாம் உண்மைதான். ஆனால் உங்கள் வண்டி ஒரு நடைக்கு எவ்வளவு தொலைவு ஓடும் என்று அவர் கேட்பதில்லை. நமக்கு அது தெரியும். கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் வீட்டிலிருந்து சுடுகாடு வரை; செந்தூல் அடுக்குமாடியிலிருந்து சுடுகாடு வரை. அதிலும் முதற்பாதி, பறைக்குப் பின்னால் முதல் கியரில் ஊர்வது. டீசல் இயந்திரம் சூடேறித் தன் வேலையைத் தொடங்குவதற்குள் நம் வேலை முடிந்துவிடும். இதனால் என்ன விளையும் என்பதை நான் எந்தப் புத்தகத்திலிருந்தும் தெரிந்துகொள்ளவில்லை. தெரிந்துகொண்ட விதத்தைச் சொல்லிவிடுகிறேன்; பிறகு எந்த வண்டியை வேண்டுமானாலும் வாங்குங்கள்.

முருகையாவும் நானும் எழுபதுகளின் இறுதியில் ஒரு பழைய ஜப்பானிய டீசல் வேனைக் கூட்டாக வாங்கினோம். நான் அதற்குமுன் காட்டு மரம் ஏற்றும் லோரி ஓட்டியவன். ஆகவே வண்டி என் பொறுப்பு. முருகையா செந்தூல்காரன், குளிப்பாட்டுவது, கட்டுவது, தூக்குவது, துக்க வீட்டாரிடம் பேசுவது எல்லாம் அவன் பொறுப்பு. சாவு வீட்டில் அவனைப்போல் அடக்கமாக நிற்பவரும் இல்லை. வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்தியபின் அவனைப்போல் வாய் ஓயாதவரும் இல்லை. என் பேச்சைக் கேலி செய்து, "வாத்தியாரே" என்றுதான் அழைப்பான்.

முதல் தொல்லை பாட்டரியில் வந்தது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு சந்து. பெட்டியை ஏற்றியாயிற்று. உறவுக்காரப் பெண்கள் வண்டியைச் சூழ்ந்துகொண்டு அழுதார்கள். யாரோ வருவதற்காகக் காத்திருந்தார்கள். வெறுமனே ஓடுகிறதே என்று இயந்திரத்தை நிறுத்தினேன். புறப்படும் நேரம் சாவியைத் திருப்பினால், ஒரு முனகலோடு சரி. குறுகிய ஓட்டங்களில் வண்டி தான் செலவழித்த மின்சாரத்தைத் திரும்பச் சேர்ப்பதற்குள் நின்றுவிடுகிறது என்பது அப்போது எங்களுக்கு விளங்கவில்லை.

"வாத்தியாரே, செத்தவனக்கூட எழுப்பிடலாம் போல. இந்த இஞ்சின எழுப்ப முடியல லா," என்றான் முருகையா, உதடு அசையாமல்.

வெளியே ஒரு கிழவி உரக்கச் சொன்னாள்: "அவனுக்குத் தனியாப் போக மனசில்ல. தொணைக்கு ஆள் தேடுறான்."

துக்கத்துக்கு வந்தவர்களே வண்டியைத் தள்ளினார்கள். அது கிளம்பிவிட்டது. ஆனால் சில வாரங்களில் அதே வீட்டில் இறந்தவரின் தம்பியும் மாரடைப்பால் போய்விட்டார். அதற்குப்பின் எங்களை அழைக்க வருபவர்கள், "அன்னிக்கு நின்ன வண்டி இதுதானே அண்ணே?" என்று கேட்கத் தொடங்கினார்கள். சிலர் கேட்காமலேயே வேறிடம் போனார்கள்.

முருகையா இதற்கு இரண்டு வகையில் அஞ்சினான். பிழைப்பு போய்விடும் என்பது ஒன்று. மற்றொன்றை அவன் வாய்விட்டுச் சொன்னதில்லை. அந்தக் கிழவி சொன்னதை அவனும் நம்பினான். அன்றிலிருந்து ஒரு விதி வைத்தான். பெட்டி ஏறிய பிறகு, அது இறங்கும்வரை, எங்கள் வண்டியின் இயந்திரம் நிற்கக் கூடாது. ஒரு மணி நேரம் ஆனாலும் சரி, வாசலில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். துக்க வீட்டாரிடமும் இதைப் பெருமையாகச் சொன்னான். மக்களுக்குப் பிடித்துப்போயிற்று. மற்ற வண்டிக்காரர்களும் பின்பற்றினார்கள். உங்களில் பலர் முன்னோர் காலத்துச் சாத்திரம் என்று நம்பி இன்றும் காக்கும் அந்த வழக்கம், எங்கள் வண்டியின் பாட்டரி செத்த நாளில் பிறந்தது.

இப்படியாக, போதிய தொலைவு ஓடாத வண்டியை நின்ற இடத்திலேயே ஓடவிட்டு மேலும் கெடுத்தோம். எரியாத டீசல் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி, இயந்திரத்துக்குள் இருக்கும் எண்ணெயோடு கலந்துகொண்டிருந்தது. மினியாக் ஈத்தாம் என்று நாம் சொல்லும் அந்தக் கறுப்பு எண்ணெயை முருகையா தானே அளந்து பார்ப்பான். அளவுக் கம்பியை வெளியே இழுத்து, வெற்றிலைக் கறைப் பல் தெரியச் சிரிப்பான்.

"பாத்தியா வாத்தியாரே? ஊத்தவே வேணாம். நாளுக்கு நாள் ஏறுது லா! ஊர்ல எல்லா வண்டியும் எண்ணெ குடிக்குது. நம்ம வண்டி எண்ணெ கறக்குது."

கம்பியில் டீசல் வாடை அடித்தது. ஆனால் டீசல் வண்டியில் டீசல் வாடை அடிப்பதை யார் பொருட்படுத்துவார்? எண்ணெய் குறைந்தால் அஞ்ச வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். கூடினாலும் அஞ்ச வேண்டும்.

செந்தூலில் எங்கள் வண்டியைப் பார்த்துவந்த சீனப் பட்டறைக்காரர், புகைக்குழாயில் விரலைவிட்டுக் கரியை எடுத்துக் காட்டினார். "கிட்ட கிட்டயே ஓட்டுறே. இது ஆகாது லா. எண்ணெ மாத்து. வாரம் ஒருவாட்டி நெடுஞ்சாலையில கிள்ளான் வரைக்கும் போ, நல்லா மிதி, திரும்பி வா."

"பொணம் இல்லாம கிள்ளான்ல எங்களுக்கு என்ன வேலை பாஸ்?" என்றான் முருகையா.

எண்ணெய் நிறைந்துதானே இருக்கிறது, எதற்குக் கொட்டுவது என்று அதைத் தள்ளிப்போட்டான். ஓட்டத்தை மட்டும் ஒருநாள் முயன்றோம். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் வெறும் வண்டியை வெளியே எடுத்தோம். தெருமுனையைத் தாண்டவில்லை, பூக்கடைக்காரர் குறுக்கே வந்து நின்றார்.

"யார் வீட்டுக்கு முருகையா?"

"யார் வீட்டுக்கும் இல்லண்ணே. சும்மா ஒரு ரவுண்டு."

"சும்மாவா? கடை தெறக்குற நேரத்துல, கல்யாண மாலை வாங்க ஆள் வர்ற நேரத்துல, இந்த வண்டிய சும்மா ஓட்டுவியா? என் வாசல்ல வந்து நின்னு போச்சுன்னா என்ன பண்ணுவே?"

வண்டியைத் திருப்பினோம். சவ ஊர்திக்கு வெறும் ஓட்டம் கிடையாது. யாராவது இறந்தாலொழிய அது சாலையில் தென்படக் கூடாது. நோயும் மருந்தும் தெரிந்தும், மருந்தை உட்கொள்ள ஊர் எங்களை விடவில்லை.

அந்த நிலையில்தான் கிள்ளானுக்கும் அப்பால், காப்பாருக்கு ஒரு பயணம் வந்தது. இறந்தவர் பிரிக்பீல்ட்ஸில் வாழ்ந்த ஓய்வுபெற்ற இரயில்வே ஊழியர். அவருடைய தாய் காப்பார் பக்கம் ஒரு தோட்டத்தில் படுக்கையாகக் கிடந்தார். இவர் அவருக்கு ஒரே பிள்ளை. உடலைக் காப்பாருக்குக் கொண்டுபோய்த் தாய்க்குக் காட்டி, பொழுது சாய்வதற்குள் அங்கேயே அடக்கம் செய்வதென்று மகன் கணேசன் முடிவு செய்திருந்தார்.

"பாட்டி மொகத்தப் பாக்காம எப்படிண்ணே? இருட்டிட்டா அடக்கம் பண்ண முடியாது. கொண்டுபோய்ச் சேத்துடுவீங்களா?"

"எங்க வண்டி நிக்காது தம்பி," என்றான் முருகையா. "ஊருக்கே தெரியும்."

உறவினர் ஒரு பேருந்து அமர்த்தி முன்னே போய்விட்டார்கள். பெட்டியோடு கணேசனும் அவருடைய தாய்மாமனும் மட்டும் பின்னால் ஏறினார்கள். ஏதேதோ காரணத்தால் புறப்பாடு தாமதமாயிற்று. அவ்வளவு நேரமும் இயந்திரம் வாசலில் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் கூட்டரசு நெடுஞ்சாலையைத் தொட்டபோது வெயில் சாய்ந்து கண்ணாடியில் நேராக விழுந்தது. நேரத்தைப் பிடிக்க வேண்டும். பல மாதங்களுக்குப்பின் முதன்முறையாக அந்த வண்டியை முழுவதும் மிதித்தேன்.

"பாருலா, எளந்தாரி மாதிரி ஓடுறான்!" என்றான் முருகையா.

ஷா ஆலத்தை நெருங்கும்போது இயந்திரத்தின் குரல் மாறியது. நான் கூடுதலாக மிதிக்கவில்லை. ஆனால் வேகம் ஏறியது. காலை எடுத்தேன். மேலும் ஏறியது. பக்கக் கண்ணாடியில் சாலையைக் காணோம். வெண்புகை மட்டுமே தெரிந்தது. சாவியைத் திருப்பி அணைத்தேன். இயந்திரம் அதை மதிக்கவில்லை.

மரம் ஏற்றிய நாள்களில், பெயர்கூட நான் கேட்டறியாத ஒரு லோரி ஓட்டுநர், தேநீர்க் கடையில் சொன்னது நினைவுக்கு வந்தது. "டீசல் இஞ்சின் தன் எண்ணெயத் தானே குடிக்க ஆரம்பிச்சா, சாவிக்கு அடங்காது. கிளச்சைத் தொட்டுடாதே, பாரம் போச்சுன்னா வெறி புடிச்சு வெடிச்சுடும். பெரிய கியர்லயே வச்சுக்கிட்டு பிரேக்க மிதி. அது செத்தாத்தான் நீ பொழைப்பே."

நெடுநாள் ஓட்டமின்றித் தளும்பி நின்ற அந்த எண்ணெய், சூடேறியதும் ஆவியாகி, காற்றோடு உள்ளே போய் எரிந்துகொண்டிருந்தது. இந்த விளக்கமெல்லாம் பின்னால் வந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், இதை நான் நிறுத்த வேண்டும் என்பது மட்டுமே.

"முருகையா, புடிச்சுக்கோ. நிறுத்தப் போறேன்."

"நிறுத்தாதே! பெட்டி வண்டில இருக்கு!"

"சாவிய அணைச்சிட்டேன், அப்பவும் ஓடுது."

"நிக்கலேன்னா நல்லதுதானே! ஓடட்டும் விடு! காப்பார் வரைக்கும் ஓடட்டும்!"

பெரிய கியரிலேயே வைத்துக்கொண்டு, வண்டியை ஓரத்துக்குத் திருப்பி, உடலின் பாரமெல்லாம் பிரேக்கின் மேல் விழும்படி மிதித்தேன். வண்டி உதறியது. பின்னால் பெட்டி நகர்ந்து பலகையில் மோதும் ஓசை கேட்டது. கடைசியில் ஒரு குலுங்கலோடு இயந்திரம் செத்தது. நெருக்கடியில் முதலில் கண்ணில் படுவது, நாம் இழக்கவிருக்கும் பெயர்தான். அதை ஓரமாக ஒதுக்கிவிட்டு, வண்டிக்குள் எத்தனை உயிர் இருக்கிறது என்று எண்ணுங்கள். அன்று நான்கு. ஐந்தாமவருக்கு இனி ஒன்றும் ஆகாது.

சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் பின்கதவைத் திறந்தேன். மாமனும் கணேசனும் புகையில் இருமிக்கொண்டே இறங்கினார்கள்.

"என்னண்ணே இது, நிறுத்திட்டீங்க? நிக்காதுன்னு சொன்னீங்களே!" கணேசனின் கண் மேற்கே இருந்தது. "பொழுது போவுதே. பாட்டிக்கு என்ன பதில் சொல்வேன்?"

முருகையா என் அருகில் வந்தான். "சாவியக் குடு. இப்பவே கெளப்பிட்டா நின்னதா ஆவாது. ஒரு மூச்சுதான் போச்சு. குடுலா."

"இன்னொருதரம் கெளப்பினா வெடிச்சுடும். வேற வண்டி பாப்போம்."

"எந்த வண்டிக்காரன் பொணத்த ஏத்துவான்? குடுடா!"

நான் கொடுக்கவில்லை. மாமனுக்கு மூச்சு திணறியது. அவரைப் புல்மேட்டில் உட்காரவைக்கப் போனேன். முருகையாவிடம் இன்னொரு சாவி உண்டு. கூட்டாளி என்ற உரிமையில் இடுப்புக் கயிற்றில் கட்டியிருப்பான். அவனிடம் அது இருப்பது எனக்கு நினைவுக்கு வந்த அதே வேளையில் இயந்திரம் உறுமும் ஓசை கேட்டது.

இம்முறை வண்டி கியரில் இல்லை, இயந்திரத்துக்குப் பாரமும் இல்லை. உறுமல் ஊளையாகி, ஊளை அலறலாயிற்று. வண்டி நின்ற இடத்திலேயே நடுங்கியது. முருகையா சாவியைத் திருப்பித் திருப்பி அணைப்பது கண்ணாடி வழியே தெரிந்தது.

"எறங்கி ஓடி வா, முருகையா!"

"பெட்டி உள்ள இருக்குலா!" என்று அவன் கத்தினான். அவன் ஓடியிருக்கலாம். கதவு திறந்தே இருந்தது. பிறர் நம்மை நம்பி ஒப்படைத்த உடலை வெடிக்கப்போகும் வண்டியில் விட்டுவிட்டு ஓட அவனுக்கு மனம் வரவில்லை. அவ்வகை வேனில் இயந்திரம் இருக்கைக்கு அடியில் இருக்கும். இருக்கையைப் புரட்டி, மூடியை எடுத்தெறிந்து, தோளிலிருந்த துண்டைச் சுருட்டி, இயந்திரத்தின் மூச்சை அடைக்கக் காற்று போகும் வாயில் திணித்தான். நான் வண்டியை நோக்கிப் பாதி தூரம் ஓடியிருப்பேன். உள்ளே இரும்பு இரும்பை உடைத்துக்கொண்டு வெளியே வந்தது. அந்த ஓட்டை வழியே, கொதித்துக்கொண்டிருந்த எண்ணெய் முழுவதும் அவன் முகத்திலும் மார்பிலும் பீறிட்டது.

அவனை வெளியே இழுத்துப் புல்லில் கிடத்தினேன். சடங்குக்கென்று மண்குடத்தில் நீர் கொண்டுவந்திருந்தார்கள். பெட்டியின் தலைமாட்டில் கட்டியிருந்தது. தாய் தன் கையால் மகனுக்கு ஊற்ற வேண்டிய நீர். கணேசன் அதை அவிழ்த்துக் கொண்டுவந்து, முழுவதையும் முருகையாவின்மேல் ஊற்றினார்.

சாலையில் வண்டிகள் போய்க்கொண்டே இருந்தன. கையைக் காட்டினோம், குறுக்கே நின்றோம். வேகத்தைக் குறைப்பார்கள், எங்கள் வேனைப் பார்ப்பார்கள், மிதித்துக்கொண்டு போய்விடுவார்கள். ஒரு டாக்சி நின்றேவிட்டது. ஓட்டுநர் பெட்டியைக் கண்டதும், "அதுவும் வருதா பாஸ்?" என்றார். இல்லை என்று சொல்வதற்குள் நகர்ந்துவிட்டார். சவ ஊர்தியின் பக்கத்தில் கிடக்கும் உயிருள்ளவனையும் ஊர் பிணத்தோடுதான் சேர்த்துப் பார்க்கிறது என்பதை அப்போது உணர்ந்தேன். முருகையாவை முதுகில் தூக்கிக்கொண்டு, எங்கள் வண்டி கண்ணுக்குத் தெரியாத வளைவுவரை நடந்தேன்.

கணேசன் கூடவே வந்து அவன் கால்களைத் தாங்கினார். "உங்களை நடுவழியில விட்டுட்டுப் போறேன், தம்பி," என்றேன்.

"நீங்க போங்கண்ணே. அப்பாவுக்கு இனிமே அவசரமில்ல. நான் பாத்துக்கிறேன்."

வளைவுக்கு அப்பால் வந்த முதல் காரே நின்றது. மலாய்க்காரர் ஒருவர், பின்னிருக்கையிலிருந்த தம் பிள்ளைகளை முன்னால் வரச்சொல்லி இடம் கொடுத்தார். முருகையா என் மடியில் தலைவைத்துக் கிடந்தான். கிள்ளான் மருத்துவமனை வரும்வரை ஒரே கேள்விதான்: "பெட்டி எறங்கிடுச்சா? நின்ன வண்டிலயா கெடக்கு?"

சில நாள் கழித்துக் கணேசன் மருத்துவமனைக்கு வந்தார். கண்ணுக்குக் கட்டுப் போட்டிருந்த முருகையா, குரலைக் கேட்டதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

"தோட்டத்துலேர்ந்து செம்பனைக் குலை ஏத்துற லோரி ஒண்ணு நின்னுச்சுண்ணே," என்றார் கணேசன். "அதுல ஏத்திக்கிட்டுப் போனோம். நல்லா இருட்டிடுச்சு. அதனால அடக்கம் மறுநாள்தான். ராத்திரி பூரா பாட்டி கட்டில் பக்கத்துலயே வச்சிருந்தோம். பாட்டி அப்பா மொகத்துமேல வச்ச கைய எடுக்கல. பொழுதோட போயிருந்தா, ஒரு பார்வை பாத்துட்டுத் தூக்கியிருப்போம்."

முருகையா சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினான். பிறகு கேட்டான்: "அப்ப, நின்னது தப்பில்லையா தம்பி?"

"இல்லண்ணே."

அடுத்த வாரம் புண் சீழ்பிடித்து முருகையா இறந்துபோனான்.

நம் தொழில்காரர்கள் அவன் சாவுக்கு ஒரே காரணம் சொன்னார்கள். பிணம் ஏறிய வண்டி நின்றது. துணைக்கு அவனையே அழைத்துக்கொண்டது. எண்ணெயைப் பற்றியோ, வாசல்களில் நாங்கள் ஓடவிட்ட மணிக்கணக்கான நேரத்தைப் பற்றியோ பேச நான் வாயெடுத்தால், "வாத்தியாருக்குத் துக்கம், ஏதோ பேசுறார்" என்று நகர்ந்தார்கள். அவன் எந்த வழக்கத்தால் செத்தானோ, அவன் சாவே அந்த வழக்கத்துக்குச் சான்றாகிவிட்டது.

அவன் இறுதி ஊர்வலத்துக்கு எங்களிடம் வண்டி இல்லை. பங்சாரில் இருந்த தொழில்காரர் ஒருவர் தம் டீசல் வேனைத் தந்தார். நானே ஓட்டுவதாகச் சொன்னேன். செந்தூலில் அவன் வீட்டு வாசலில் கோலாலம்பூரின் சவ ஊர்திக்காரர்கள் எல்லாரும் வந்து நின்றார்கள். பெட்டி ஏறியது. இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. உறவுகள் ஒவ்வொருவராக வந்து பெட்டியின்மேல் பூப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

முருகையாவின் மனைவி சரோஜா, காதுகளைப் பொத்திக்கொண்டு என் சன்னல் பக்கம் வந்தாள்.

"அண்ணே, இத நிறுத்துங்க. இந்தச் சத்தத்துலதானே போனாரு. நான் அவர்கிட்ட ஒரு வார்த்த பேசணும்."

வண்டிக்குச் சொந்தக்காரர் ஓடிவந்தார். "நிறுத்திடாதீங்க வாத்தியாரே! அவனுக்கு ஆனது போதாதா? மறுபடி கெளம்பலேன்னா என்ன பண்ணுவீங்க?"

கிளம்பாமலும் போகலாம். அந்த வண்டியும் நம் வண்டிகளைப்போல் ஊருக்குள்ளேயே ஊர்ந்து பழகியதுதான். அதன் பாட்டரியை நான் அறியேன். அது நின்று, நின்றபடியே கிடந்தால், சரோஜாவின் வீட்டில் அடுத்து யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் ஊர் என்னைச் சுட்டிக்காட்டும். அதை நான் அறிவேன்; சரோஜாவும் அறிவாள்.

சாவியைத் திருப்பினேன்.

எத்தனையோ வாசல்களில் காத்துக் கிடந்த நான், அழுகையின் சொற்களை அன்றுதான் தெளிவாகக் கேட்டேன். அதுவரை எல்லாவற்றையும் இயந்திரம் மூடிக்கொண்டிருந்திருக்கிறது. சரோஜா பெட்டியின்மேல் தலையை வைத்துக்கொண்டு, அவனிடம் மெல்லப் பேசினாள். என்ன பேசினாள் என்பதை எழுத எனக்கு உரிமையில்லை. அவள் பேசி முடிக்கும்வரை ஒருவரும் அசையவில்லை.

பிறகு அவள் எழுந்து என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். சாவியைப் பாதி திருப்பினேன். இயந்திரம் உள்ளே சூடேறுவதைக் காட்டும் சிறிய மஞ்சள் விளக்கு எரிந்தது. அது அணையும்வரை காத்திருக்க வேண்டும், முந்திக்கொண்டால் பிடிக்காது. சந்து முழுவதும் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. வண்டிக்குச் சொந்தக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

விளக்கு அணைந்தது. சாவியை முழுவதும் திருப்பினேன். இயந்திரம் ஒருமுறை முனகியது, மறுமுறையும் முனகியது, மூன்றாம் முனகலில் பிடித்துக்கொண்டது. பறை முழங்கிற்று. முதல் கியரைப் போட்டு, முருகையாவை மெல்ல நகர்த்திக்கொண்டு போனேன்.